“அப்பா வந்து…” என்று நிறுத்தும் குழந்தை

கேள்வி: எங்கள் மகளுக்கு நாலரை வயது. நான் அவளிடம் தமிழில் பேசுகிறேன், கணவர் மலையாளத்தில் பேசுகிறார், பள்ளியில் ஆங்கிலம். வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் இலக்கணம் தாறுமாறாக இருக்கிறது. ‘அப்பா வந்து’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறாள். ‘நான் கீழ விழுந்து’ என்கிறாள். ‘கப்பை நான் உடைஞ்சேன்’ என்கிறாள். என்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறாள், ஆனால் ‘அம்மா, நாங்க வெளிய போலாமா?’ என்று கேட்கிறாள். ‘ஷூவை டை பண்ணு’ மாதிரி கலந்து பேசுவது தினமும் உண்டு. மூன்று மொழிகள் அவளைக் குழப்புகின்றன, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்கிறார் அவளுடைய ஆசிரியை. மலையாளம் கலந்து தமிழ் கெட்டுப்போகிறது, மாப்பிள்ளையை நிறுத்தச் சொல் என்கிறார் என் அப்பா. நான் ஒவ்வொரு முறையும் திருத்திப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் திருத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எந்த மொழியை விடுவது?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த மொழியையும் விட வேண்டாம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற பெற்றோரில் பலர், பதில் கிடைப்பதற்கு முன்பே ஒரு மொழியை நிறுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். நீங்கள் நிறுத்துவதற்கு முன்னால் எழுதியிருக்கிறீர்கள், நல்லதாயிற்று.

அடுத்ததாக, நீங்கள் அனுப்பியிருக்கும் அந்த ஐந்து வாக்கியங்கள். குழந்தைகளின் பேச்சையும் மொழியையும் கவனிப்பதே என் வேலை என்பதால், பெற்றோர் ‘சரியாகப் பேசுவதில்லை’ என்று மட்டும் எழுதாமல் குழந்தை சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் மகளின் ஐந்து வாக்கியங்களும் ஒரே விதமானவை அல்ல. எல்லாவற்றையும் ‘தவறு’ என்று ஒரே பைக்குள் போட்டுவிட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்கிறது.

‘அப்பா வந்து’ என்பதிலிருந்து தொடங்கலாம். தமிழ்க் காதுக்கு இது முடியாத வாக்கியம். வந்து என்ன செய்தார் என்று மனசு காத்திருக்கும். நீங்களும் அப்படிக் காத்திருந்து ஏமாந்திருப்பீர்கள். இப்போது அதே வாக்கியத்தை உங்கள் கணவரின் காதால் கேளுங்கள். மலையாளத்தில் ‘ஞான் வந்நு’, ‘நீ வந்நு’, ‘அச்சன் வந்நு’, ‘அவர் வந்நு’. யார் வந்தாலும் வினைச்சொல் அப்படியே நிற்கும். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார், வந்தது என்று ஆளுக்கு ஆள் வால் மாறுகிறது அல்லவா, அந்த வால் மலையாளத்தில் ஒரு காலத்தில் இருந்து பிறகு உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலும் இறந்தகால வினை பெரும்பாலும் ஆளைப் பொறுத்து மாறாது. அதாவது, உங்கள் மகள் கேட்கும் மூன்று மொழிகளில் இரண்டு, நடந்து முடிந்ததைச் சொல்லும்போது விகுதி வேண்டாம் என்கின்றன. தமிழ் மட்டும் வேண்டும் என்கிறது. போதாததற்கு ‘வந்து’வும் ‘வந்நு’வும் காதில் விழும்போது நூலிழைதான் வித்தியாசம். ‘அப்பா வந்து’ என்று அவள் நிறுத்தும்போது, தமிழ்ச் சொல்லை மலையாள வழியில் முடிக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது முடிந்துபோன, முழுமையான வாக்கியம்.

நெருங்கிய உறவுள்ள இரண்டு மொழிகளைச் சேர்த்துக் கற்பது எளிது என்று பொதுவாகச் சொல்வார்கள். சொற்கள் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலி தாழ்வாக இருப்பதால், ஒன்றிலுள்ள பழக்கம் அடுத்ததற்குள் சுலபமாகத் தாண்டி வந்துவிடும். மொழிகள் ஒன்றையொன்று பாதிப்பது என்று பெரிய அளவில் நாம் பேசுவதன் சின்ன வடிவம் இது, ஒரே ஒரு தலைக்குள் நடக்கிறது.

சரி, அப்படியானால் தமிழ் விகுதியை அவள் கற்கவே இல்லையா? கற்றிருக்கிறாள். அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ‘கப்பை நான் உடைஞ்சேன்.’ நீங்கள் ‘உடைஞ்’ என்பதிலுள்ள தவறைப் பார்த்தீர்கள், எனக்கு அதன் கடைசியில் இருக்கும் ‘ஏன்’ என்ற விகுதி கண்ணில் பட்டது. ‘நான்’ என்று தொடங்கியவள் ‘ஏன்’ என்று சரியாக முடித்திருக்கிறாள். இல்லாத ஒன்றை ஒரு குழந்தையால் சரியான இடத்தில் வைக்க முடியாது. விகுதி அவளிடம் இருக்கிறது. சில வாக்கியங்களில் வருகிறது, சிலவற்றில் மலையாள வழக்கம் முந்திக்கொள்கிறது. கற்றல் நடந்துகொண்டிருக்கும்போது இப்படித்தான் இருக்கும்.

அந்த வாக்கியத்தின் மற்றொரு பாதியைப் பாருங்கள். ‘உடைஞ்சேன்’ என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள், உங்கள் கணவரும் சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் எங்கிருந்து எடுத்தாள்? எங்கிருந்தும் எடுக்கவில்லை, அவளே செய்தாள். ‘கப் உடைஞ்சிடுச்சு’ என்று கேட்டிருக்கிறாள். ‘நான்’ வந்தால் ‘ஏன்’ வரவேண்டும் என்பது தெரியும். இரண்டையும் சேர்த்துவிட்டாள். தானாக உடைந்தால் உடைந்தது, நாம் உடைத்தால் உடைத்தேன் என்று தமிழ் ஒரே வினையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை மட்டும் அவள் இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று நாம் படித்தது இதைத்தான்: திருந்து–திருத்து, உருகு–உருக்கு, ஆடு–ஆட்டு. ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது, அதனால் ஆங்கிலத்தின் பாதிப்பு என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். மெலிசா போவர்மன் என்ற மொழியியலாளர் தன் சொந்த மகள்களின் பேச்சை வருடக்கணக்கில் குறித்துவைத்து 1970களிலேயே இதை எழுதினார். தானாக நடப்பதைச் சொல்லும் வினையை, ஒருவர் அதைச் செய்வதைச் சொல்லவும் அந்தக் குழந்தைகள் பயன்படுத்தினார்கள். தமிழ் மட்டும் பேசும் வீட்டிலும் ‘உடைஞ்சேன்’ கேட்கக் கிடைக்கும். எனவே இதற்கு எந்த மொழியையும் குற்றம் சொல்ல முடியாது.

குழந்தைகள் வாக்கியங்களைக் கேட்டு மனப்பாடம் செய்வதில்லை, விதிகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் ஓர் எளிய வழியில் காட்டினார். உலகத்தில் இல்லாத ஒரு பிராணியைப் படம் வரைந்து, அதற்கு இல்லாத ஒரு பெயரை வைத்து, பிறகு இரண்டு பிராணிகளைக் காட்டி, ‘இப்போது இவை என்ன?’ என்று கேட்டார். அந்தச் சொல்லை முன்பின் கேட்டிராத குழந்தைகள் அதற்குப் பன்மை சொன்னார்கள். இதைத் தமிழுக்குத் தகுந்தாற்போல் நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரு காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி, ‘இது நுபம்’ என்று மகளிடம் கொடுங்கள். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, ‘கையில எதை வச்சிருக்க?’ என்று கேளுங்கள். ‘நுபத்தை’ என்றால், மரம்–மரத்தை, படம்–படத்தை என்று சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் வரும் அத்துச் சாரியையை அவள் ஏற்கெனவே பிடித்துவிட்டாள். ‘நுபமை’ என்றாலும் மகிழ்ச்சி அடையுங்கள். ‘ஐ’ உருபைப் பிடித்துவிட்டாள், ‘அத்து’ வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தை இலக்கண நூல்கள் சூத்திரம் எழுதி வைத்திருக்கும் ஒன்றைத் தானாகச் செய்வதை நேரில் பார்க்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் அது குறையவில்லை.

இப்போது தினமும் கலந்து பேசுகிறாள் என்று நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு வருகிறேன். ‘ஷூவை டை பண்ணு.’ இதில் தமிழ் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘ஷூ’ ஆங்கிலச் சொல். அதன்மேல் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’ ஏறியிருக்கிறது. உயிரும் உயிரும் மோதாமல் இருக்க நடுவில் ‘வ்’ வந்திருக்கிறது. ஊகாரத்துக்குப் பின் வகர உடம்படுமெய், சுத்தமான தமிழ்ப் புணர்ச்சி. பூவை என்பது போல ஷூவை. வினை கடைசியில் நிற்கிறது. ‘டை’ என்ற ஆங்கில வினையின்மேல் அவள் நேரடியாகத் தமிழ் விகுதியை ஒட்டவில்லை, ‘பண்ணு’ என்ற தமிழ் வினையைக் கூட வைத்துக்கொண்டாள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ‘டைந்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இந்தி பேசுகிறவர்களும் துருக்கி மொழி பேசுகிறவர்களும் ஜப்பானியரும் வெளியிலிருந்து வினைகளை வாங்கும்போது, ‘செய்’ என்று பொருள்படும் தங்கள் சொந்த வினையை இப்படித்தான் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். வாக்கியத்துக்குள் இருக்கும் இரண்டு சொற்கள் விருந்தாளிகள், வீடு தமிழுடையது.

உங்கள் அப்பாவின் கவலையை நான் மதிக்கிறேன். மொழிமேல் அக்கறை உள்ளவருக்குத்தான் அந்தக் கவலை வரும். ஆனால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை நான்கும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. வக்கீல், ஜில்லா, பாக்கி எல்லாம் அரபி, பாரசீக வழி வந்தவை. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை வகைப்படுத்தும்போதே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கு சொல்கிறது. வடசொல்லை எடுத்தால் வடவெழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும் என்று வழியும் காட்டுகிறது. வெளியிலிருந்து சொல் வரும், வரும்போது தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும் என்பது அவ்வளவு பழைய ஏற்பாடு. ‘சிஸ்டம்’ என்பதற்கு நாம் ‘சிஸ்டத்தை’ என்கிறோம், ‘ஆல்பம்’ என்பதற்கு ‘ஆல்பத்தில்’ என்கிறோம். அத்துச் சாரியை ஆங்கிலச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. உங்கள் மகளின் ‘ஷூவை’ அந்த ஏற்பாட்டுக்குள்தான் நிற்கிறது.

சொற்கள் போவதும் வருவதும் எளிது. இலக்கணம் நகர்வதற்கு நீண்ட காலம் வேண்டும், நிறையப் பேர் இரண்டு மொழியிலும் தினமும் புழங்க வேண்டும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெயர்போன உதாரணம், மகாராஷ்டிராவில் கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கும் குப்வாட் என்ற ஊர். கம்பர்ஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971இல் அதைப் பற்றி எழுதினார்கள். அங்கே பல நூற்றாண்டுகளாக மராத்தியும் கன்னடமும் உருதுவும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தன. வீட்டில் அவரவர் மொழி, வெளியில் எல்லா மொழியும். நாளடைவில் அந்த ஊர்ப் பேச்சில் மூன்று மொழிகளின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஒரு மொழி வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால் அடுத்த மொழி வாக்கியம் கிடைத்துவிடும். ஆனாலும் சொற்கள் தனித்தனியாகவே நின்றன, ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டு மொழி தொடர்ந்தது. கலப்பால் அங்கே எந்த மொழியும் மறைந்துவிடவில்லை என்பதை உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இதில் குழந்தைகளுக்கு என்ன பங்கு என்று கேட்டால், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உள்ள லஜமானு என்ற சிறிய சமூகத்தைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அங்கே பெரியவர்களின் மொழி வார்ல்பிரி. சில பத்தாண்டுகளுக்கு முன்பு, சின்னக் குழந்தைகளிடம் பேசும்போது பெரியவர்கள் வார்ல்பிரியையும் ஆங்கிலத்தையும், ஆங்கிலத்திலிருந்து கிளைத்த கிரியோல் பேச்சையும் கலந்து பேசினார்கள், நாம் பேசுகிற மாதிரியேதான். பெரியவர்களுக்கு அது கலப்பு. ஆனால் அதைப் பிறந்ததிலிருந்து கேட்ட குழந்தைகள் அதை ஒரே மொழியாக எடுத்துக்கொண்டார்கள். பெயர்ச்சொல்லுக்கு வார்ல்பிரியின் வேற்றுமை உருபு, வினைக்கு ஆங்கிலமும் கிரியோலும் என்று ஒழுங்கு செய்தார்கள். அது போதாமல், எந்த மூலமொழியிலும் அதே உருவில் இல்லாத ஒரு துணைவினை அமைப்பையும் உண்டாக்கிவிட்டார்கள். கார்மல் ஓஷானசி என்ற மொழியியலாளர் அதை இலகு வார்ல்பிரி என்ற பெயரில் விவரித்தார். அந்தக் குழந்தைகள் பழைய வார்ல்பிரியையும் கற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரியவர்களிடம் ஒழுங்கில்லாமல் கிடப்பதைக்கூடக் குழந்தைகள் எடுத்து ஒழுங்காக்கிக்கொள்வார்கள். மூன்று மொழி உங்கள் மகளைக் குழப்பாது. ஆனால் அவள் ஒழுங்காக்குவதற்கு எடுக்கும் கச்சாப் பொருள் நம் வாயிலிருந்துதான் போகிறது. ஆகவே ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம்: ‘ஷூவை டை பண்ணு’ என்று முதலில் சொன்னது அவளா, நீங்களா? நீங்கள்தான் என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவளிடம் ‘கட்டு’ என்ற சொல்லும் இருக்க வேண்டும் என்று விரும்பினால், அதை அவள் உங்களிடமிருந்துதான் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

‘நாங்க போலாமா’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள் என்று தமிழ் பிரிக்கிறது. மலையாளத்திலும் அந்தப் பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் இல்லை. இது பள்ளியிலிருந்து வந்த ஒட்டு என்று நினைக்கிறேன். இந்த வேறுபாடு மொழிகளுக்கிடையே பயணம் செய்யக்கூடியது. மராத்திக்கும் குஜராத்திக்கும் திராவிட மொழிகளோடு பழகியதால்தான் இது வந்தது என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். கன்னடமோ நம் குடும்பத்திலேயே இருந்தும் இதை இழந்துவிட்டது. உங்கள் வீட்டில் இரண்டு மொழிகள் இதைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆசிரியை சொல்கிறபடி இரண்டையும் நிறுத்தினால், தாங்கிப் பிடிக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆசிரியையின் ஆலோசனை அக்கறையில் சொல்லப்பட்டதுதான், ஆனால் தவறானது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பேச்சு தாமதமான மூன்று வயதுப் பையன் ஒருவனின் பெற்றோரிடம், ஒரே மொழி பேசுங்கள், பள்ளி மொழியே போதும் என்றேன். அன்று அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு வருடம் கழித்து அவர்கள் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பையன் அம்மாவிடம் பள்ளி மொழியில் பேசினான். பாட்டி அவனிடம் ஏதோ கேட்டார். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அம்மா மொழிபெயர்த்தார். தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் நான் அந்த ஆலோசனையைச் சொன்னதில்லை.

பிறகு வந்த ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. உண்மையிலேயே மொழிவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டாலும், இரண்டு மொழியில் வளர்பவர்களுக்கு ஒரே மொழியில் வளர்பவர்களைவிடச் சிரமம் கூடுவதில்லை என்று 2003இல் கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசும் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. பள்ளி மொழியைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், வீட்டில் பெற்றோரில் ஒருவராவது வேறு மொழி பேசும் சுமார் 1,900 குடும்பங்களை அன்னிக் டி ஹாவர் என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். குழந்தைகள் அனைவரும் டச்சு பேசினார்கள். ஏறக்குறைய நான்கு குடும்பங்களில் ஒன்றில் வீட்டு மொழியைத்தான் குழந்தைகள் பேசவில்லை. ஊர் பேசும் மொழி எப்படியும் வந்து சேர்ந்துவிடும், காப்பாற்ற வேண்டியிருப்பது உங்கள் இருவருடைய மொழிகளைத்தான். ஒரு மொழி பேச்சில் கலந்துபோவதைவிட, குழந்தையோடு அதில் பேசுவதை நிறுத்துவதுதான் அதற்குப் பெரிய ஆபத்து.

அப்புறம், திருத்துவது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். மார்ட்டின் பிரெய்ன் என்ற உளவியலாளர், மகளின் ஒரு தவறான தொடரைத் திருத்தப் போராடியதை 1971இல் எழுதியிருக்கிறார். வேறொரு கரண்டி கேட்கிறது குழந்தை, தேவையில்லாத ஒரு சொல்லை நடுவில் சேர்த்து. அப்பா சரியான தொடரைச் சொல்லச் சொல்கிறார். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைக்கிறார். குழந்தை பொறுமையாக எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசியில் அதே பழைய தொடரால் கரண்டியைக் கேட்கிறது. அந்த வயதில் விதி உள்ளிருந்து மாறும்போதுதான் வாய் மாறும். உங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் புரிகிறது. அப்பா வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஓடி வந்தவளுக்கு, வினைமுற்றைப் பற்றிய பதில் கிடைக்கிறது.

அவள் சொன்னதை நீங்கள் சரியான வடிவில் திருப்பிச் சொல்லிப் பேச்சைத் தொடருங்கள். ‘அப்பா வந்து’ என்றால், ‘அப்பா வந்துட்டாரா! கதவைத் திறந்தியா?’ அவ்வளவு போதும். திருத்துகிறோம் என்ற தொனியே வேண்டாம்.

‘நான் கீழ விழுந்து’ மட்டும் இந்த வழியில் சரியாகாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ‘நீ விழுந்துட்டியா?’ என்றுதானே திருப்பிச் சொல்ல முடியும்? அங்கே அவளுக்கு வேண்டிய ‘ஏன்’ வராது. அது அவள் காதில் விழ வேண்டுமானால், எதிரில் இருப்பவர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் தமிழில் நாம் குழந்தையிடம் எப்படிப் பேசுகிறோம்? ‘அம்மா இதோ வரேன், அழாதே’, ‘அம்மா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்’. கடைசியில் ‘ஏன்’ இருக்கிறது, ஆனால் ‘நான்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அம்மா’. அந்தக் கொஞ்சல் அழகானது, அதை விட வேண்டாம். ஆனால் தினமும் கொஞ்ச நேரம் உங்கள் கதையை ‘நான்’ வைத்துச் சொல்லுங்கள். ‘நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப ஒருநாள் மரத்துல ஏறினேன். பாதியில பயந்துட்டேன். கத்தினேன். கீழ விழுந்தேன்.’ ஒரு சின்னக் கதையில் நாலைந்து ‘ஏன்’ வந்துவிடும். நம் மொழியில் விகுதி சொல்லின் கடைசியில் வருவது ஒரு வசதி. குழந்தைகளின் கவனம் சொல்லின் முடிவில் தானாகவே தங்கும் என்று டான் ஸ்லோபின் என்ற ஆய்வாளர் பல மொழிகளை ஒப்பிட்டுச் சொன்னார். தமிழைப் போலவே உருபுகளைக் கடைசியில் அடுக்கும் துருக்கி மொழியில், குழந்தைகள் இரண்டு வயதுக்குள்ளேயே அவற்றைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கதை கேட்கும் குழந்தைக்குக் கதையோடு விகுதியும் போய்ச் சேரும்.

உங்கள் கணவரும் இதேபோல மலையாளத்தில் கதை சொல்லட்டும். மலையாளம் எவ்வளவு தெளிவாக அவளிடம் வேர்பிடிக்கிறதோ, தமிழுக்கும் அதற்கும் நடுவிலுள்ள வேலியும் அவ்வளவு தெளிவாகும். அதனால்தான் உங்கள் அப்பா சொல்கிற வழி, அவர் விரும்புவதற்கு எதிர்த்திசையில் கொண்டுபோகும் என்கிறேன். நேரமிருக்கும்போது அவரையும் பேத்திக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள். மாப்பிள்ளையின் மலையாளத்தை நிறுத்துவதைவிட அவருடைய ஒரு மணிநேரத் தமிழ் பெரிய வேலை செய்யும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. குழந்தைகளில் ஏறக்குறைய 7 சதவீதம் பேருக்கு, வேறு வெளிப்படையான காரணம் இல்லாமலே மொழிவளர்ச்சியில் குறைபாடு இருக்கிறது. அது மொழிகளின் எண்ணிக்கையால் வருவதில்லை. இருந்தால் எல்லா மொழியிலும் தெரியும். உங்கள் மகள் தமிழில் மட்டும் தடுமாறி, மலையாளத்தில் வயதுக்கேற்பப் பேசினால் அது குறைபாடு அல்ல. இரண்டு வயது ஆகியும், எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, சொல்வதைப் புரிந்துகொள்ளாத குழந்தை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழக்கும் குழந்தை, வீட்டு ஆட்களுக்கே பேச்சு விளங்காத நாலு வயதுக் குழந்தை, இவர்களைத் தாமதிக்காமல் கூட்டிவர வேண்டும். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இப்படி எதுவும் இல்லை. ‘வாய் ஓயாமல் பேசுவாள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு நோட்டில், வாரத்துக்கு ஒருநாள், அரைமணிநேரம், அவள் ‘நான்’ என்று தொடங்கி, நடந்து முடிந்ததைச் சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதுங்கள், தேதியோடு. அவளுக்குத் தெரிய வேண்டாம். எதையும் திருத்தி எழுத வேண்டாம். எத்தனை வாக்கியம் ‘ஏன்’ என்று முடிகிறது, எத்தனை ‘வந்து’, ‘விழுந்து’ என்று நிற்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். ‘உடைஞ்சேன்’ எந்த வாரத்தில் ‘உடைச்சேன்’ ஆனது என்பதையும் குறித்து வைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம்.